கந்தகம் குடித்த கறுப்புப் பட்டை

லண்டனில் குதிரைக் கோச்சு வண்டி கட்டும் தொழிலில் இருந்த தாமஸ் ஹான்காக்குக்கு மழைதான் பெரிய தலைவலி. அச்சும் சக்கரமும் எவ்வளவு உறுதியாக இருந்தென்ன, உள்ளே ஏறியவர் நனைந்து இறங்கினால் வண்டிக்குத்தானே கெட்ட பெயர்? தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து, பெரும்பாலும் பென்சில் கோட்டை அழிக்கவே பயன்பட்டுக்கொண்டிருந்த ஒரு பொருள் அப்போது அவர் கண்ணில் பட்டது. தண்ணீர் அதற்குள் புகவில்லை. அமுக்கினால் அமுங்கியது, விட்டால் பழைய உருவத்துக்கு வந்தது. 1819 வாக்கில் ரப்பரைக் கையில் எடுத்த ஹான்காக், அதன் பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை.

முதலில் வந்த தொல்லை கழிவு. ரப்பர் கட்டியை வார்வாராக அறுக்கும்போது நிறைய துண்டுதுணுக்குகள் வீணாயின. அவற்றைப் பொடியாகக் கிழித்தால் மறுபடி ஒட்டவைக்கலாம் என்று எண்ணி, உள்ளே பற்கள் வைத்த ஓர் உருளையைச் செய்து கையால் சுற்றினார். திறந்து பார்த்தபோது பொடியைக் காணவில்லை. துணுக்குகள் எல்லாம் ஒன்றுகூடி, சூடாக, ஒரே உருண்டையாகத் திரண்டிருந்தன. கிழிப்பதற்காகச் செய்த எந்திரம் பிசைந்து கொடுத்துவிட்டது. ரகசியம் வெளியே போகாமலிருக்க அந்த எந்திரத்துக்கு ஊறுகாய் என்று பொருந்தாத பெயர் ஒன்றைச் சூட்டி, தொழிலாளர்களிடம் வாக்குறுதியும் வாங்கிக்கொண்டார் ஹான்காக். ரப்பரை வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவர வழி கிடைத்துவிட்டது. துணியில் அதைப் பூசும் வழி மட்டும் பாக்கி. அது வடக்கே, ஒரு வாயு ஆலையின் கழிவில் கிடந்தது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நிலக்கரியைச் சுட்டு, அதிலிருந்து வரும் வாயுவை விளக்கெரிக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய தாரும் கழிவுநீரும் ஆலைக்குச் சுமை. அவற்றை வாங்கிக்கொள்ள முன்வந்தார் சார்லஸ் மக்கின்டாஷ் என்ற வேதியியலர். அவருக்கு வேண்டியிருந்தது சாயத் தொழிலுக்கான அமோனியா மட்டுமே. அதை எடுத்த பிறகு கையில் தங்கிய நாப்தா எண்ணெயை என்ன செய்வதென்று யோசித்தவர், அது ரப்பரைக் கரைப்பதைக் கண்டார். இரண்டு துணிகளுக்கு நடுவே அந்தக் கரைசலைத் தடவி ஒட்டினார். 1823-ல் காப்புரிமை வாங்கினார். மழை புகாத துணி பிறந்துவிட்டது. தையற்காரர்கள் கைக்கு அது போகும் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது.

ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. துணியின் பரப்பில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. தையலின் வழியே ஒழுகியது. தண்ணீர் எப்போதும் இணைப்பைத்தான் தேடிப் போகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. மக்கின்டாஷ் மான்செஸ்டரில் தானே ஆலை வைத்து, தையல்களின் மேலும் ரப்பரைப் பூசிப் பார்த்தார். 1825-ல் அவரிடம் உரிமம் பெற்ற ஹான்காக் பிறகு பங்காளியும் ஆனார். தையல் ஒழுகலை ஒருவாறு அடைத்தார்கள். ஆனால் கோடை வந்ததும் மேலங்கி பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. குளிர்காலத்தில் அதுவே பலகைபோல் விறைத்து நின்றது. மழையை வென்ற ரப்பர் வெயிலிடமும் குளிரிடமும் தோற்றுப்போயிற்று.

அட்லாண்டிக் கடலுக்கு அக்கரையில் தோல்வி இன்னும் பெரிது. அமெரிக்கக் கோடையைத் தாங்காமல் ரப்பர்ப் பொருள்கள் உருகி, நாறி, கடைக்கே திரும்பி வந்தன. 1834-ல் நியூயார்க்கில் உள்ள ரப்பர்க் கடை ஒன்றுக்குள் ஒருவர் நுழைந்தார். இரும்புச் சாமான் வியாபாரத்தில் நொடித்துப்போனவர். மிதவைச் சட்டை ஒன்றுக்குத் தான் செய்த நல்ல வால்வை விற்கலாம் என்று வந்தார். வால்வு இருக்கட்டும், ரப்பரே நிற்காதபோது அது எதற்கு என்று கடைக்காரர் உருகிப்போன சரக்கைக் காட்டினார். வந்தவர் சார்லஸ் குட்இயர். வால்வை மறந்துவிட்டு ரப்பரைத் திருத்துவதென்று அவர் முடிவெடுத்தார். அவருக்கோ வேதியியல் தெரியாது.

கடனுக்காகச் சிறைக்குப் போனார்; அங்கேயும் ரப்பரைப் பிசைந்துகொண்டிருந்தார். கையில் கிடைத்த பொடிகளை எல்லாம் கலந்து பார்த்தார். நைட்ரிக் அமிலத்தில் நனைத்தபோது மேற்பரப்பு பிசுபிசுப்பு நீங்கி வழவழப்பானது. அதை நம்பி அமெரிக்க அரசு 150 தபால் பைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. பைகளைச் செய்து, வெதுவெதுப்பான அறையில் தொங்கவிட்டுவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் போய்வந்தார். கதவைத் திறந்தபோது பைகள் தம் கனத்தைத் தாமே தாங்காமல் உருகித் தொங்கின. மேல்தோல் மட்டும் திருந்தியிருந்தது, உள்ளே பழைய ரப்பர்தான். அதோடு பலரும் அவரைக் கைவிட்டார்கள். வேறொருவரிடம் ஒரு மஞ்சள் பொடி இருந்தது.

நத்தானியல் ஹேவர்ட் என்ற அந்த மனிதர், ரப்பரில் கந்தகத்தைக் கலந்து வெயிலில் காயவைத்தால் பிசுபிசுப்பு குறைவதைக் கண்டுபிடித்திருந்தார். கோவில்பட்டி, இளையரசனேந்தல் வட்டாரத்துக் கரிசல் சனங்களுக்குப் பழக்கமான கந்தகம்தான் அது. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டோடு சேரும் அதே சரக்கு. குட்இயர் அந்த உரிமையை விலைக்கு வாங்கினார். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊபர்னில், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டது. கை தவறி விழுந்ததா, வேண்டுமென்றே வைத்தாரா என்பதற்குப் பல கதைகள் உண்டு. உருகி வழிந்திருக்க வேண்டிய ரப்பர் உருகவில்லை. தோல்போலக் கருகியது. கருகிய ஓரத்துக்கும் கருகாத பகுதிக்கும் நடுவே ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் துள்ளும் தன்மையோடு, பிசுபிசுப்பு இல்லாமல் இருந்தது. குட்இயரின் வாழ்நாள் உழைப்பெல்லாம் அந்த விளிம்பில் அடங்கியிருந்தது.

அதை வெறும் தற்செயல் என்று சொல்வதை அவர் விரும்பவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் என்பேன். ஐந்தாண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தவர் கண்ணுக்குத்தானே அந்த விளிம்பு தெரிந்தது! ஆனால் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது பிடிபட மேலும் பல ஆண்டுகள் ஓடின. வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. ஒருவழியாக 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் விண்ணப்பிக்கப் போனபோது வேறொருவர் முந்திக்கொண்டிருந்தார்.

அவர் நம் கோச்சு வண்டிக்காரர்தான். குட்இயரின் மாதிரித் துண்டுகள் லண்டனுக்கு வந்து ஹான்காக் கையில் விழுந்திருந்தன. ஓரத்தில் பூத்திருந்த மஞ்சள் தூள் கந்தகத்தைக் காட்டிக்கொடுத்தது. மற்றதைத் தானே உழைத்துக் கண்டுபிடித்து 1843 நவம்பரில் விண்ணப்பம் போட்டுவிட்டார். அவரைத் திருடர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ரப்பரோடு இருபது ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டியவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குட்இயரின் பக்கம் இருந்த துயரமும் பொய்யில்லை: 1860-ல் அவர் இறந்தபோது கடன் சுமார் இரண்டு லட்சம் டாலர். பின்னாளில் டயரில் பெயர் பதித்த குட்இயர் கம்பெனிக்கும் அவருக்கும் உறவு கிடையாது. 1898-ல் அவர் நினைவாக வைத்துக்கொண்ட பெயர் அது.

அடுப்பில் நடந்தது என்ன? ரப்பர் என்பது நீள நீளமான மூலக்கூறுகள் இடியாப்பச் சிக்கலாகக் கிடப்பது. சூடானால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அதுதான் உருகல். கந்தகம் இரண்டு இழைகளுக்கு நடுவே பாலம் போட்டு முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்தபின் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும், வழுக்காது. கந்தகம் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி வேண்டுமே? ரப்பரின் முதுகெலும்பு நெடுக உள்ள இரட்டைப் பிணைப்புகள்தான் அந்தக் கொக்கிகள். அவை இல்லாவிட்டால் குட்இயருக்கு வெற்றி இல்லை. அதே கொக்கிகளை வேறொருவன் பிடித்து அறுக்கப் போகிறான் என்பதை மேலும் நூறாண்டுக்கு எவரும் சரியாக அறியவில்லை.

அதற்குள் மரமே கண்டம் தாண்டியது. 1876-ல் ஹென்றி விக்கம் அமேசான் கரையிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். இருபத்தைந்தில் ஒன்றுதான் முளைத்தது. முளைத்தவற்றில் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்தன. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலாயா முழுக்கப் பரவின. காட்டை அழித்து, பால்மரம் நட்டு, விடியுமுன் எழுந்து பட்டையைச் சீவிப் பால் எடுத்த கைகளில் பெரும்பகுதி தமிழகத்திலிருந்து கங்காணி அழைத்துப்போன கைகள். உலகத்துக் கார்களின் ரப்பருக்குப் பின்னால் நம் சனங்களின் லயத்து வாழ்க்கை இருக்கிறது. ரப்பர் வரலாறு எழுதுகிறவர்கள் குட்இயரின் அடுப்புக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது அதற்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவு ரப்பரும் டயருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, காரின் மேற்பகுதியில் ஒரு மாற்றம் நடந்தது.

1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். மற்றதெல்லாம் திறந்த வண்டி. மழை வந்தால் துணிக் கூரையை இழுத்துவிட வேண்டியதுதான். 1922-ல் எஸ்ஸெக்ஸ் என்ற மூடிய கார் திறந்த காரைவிட 300 டாலர் மட்டுமே கூடுதலாக விலைக்கு வந்ததும் சந்தை தலைகீழாகப் புரண்டது. 1927-ல் மூடிய கார்களின் பங்கு 85 சதவீதம். மூடிய காருக்குள் உட்கார்ந்தவர் நனையக்கூடாது என்று எதிர்பார்த்தார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே, கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவே நான்கு பக்கமும் இடுக்கு. கூரையின் நடுப்பகுதியும் துணிதான், அவ்வளவு அகலமான இரும்புத் தகட்டை அப்போது உருட்ட முடியவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1935-ல் ஒரே தகட்டால் கூரை போட்டு மேலே இருந்து வந்த ஒழுகலை நிறுத்தியது. இடுக்குகள் அப்படியே இருந்தன. மக்கின்டாஷின் தையல் மறுபடி வந்துவிட்டது, இந்த முறை இரும்பில்.

அந்த இடுக்கில் போய் உட்கார்ந்ததுதான் ரப்பர் பீடிங். கார் வாங்குகிறவர் எவரும் விலை கேட்காத, கைபட்டாலும் திரும்பிப் பார்க்காத அந்தக் கறுப்புப் பட்டை. கறுப்பு நிறம் அழகுக்கு வந்ததல்ல. ரப்பரில் புகைக்கரியைக் கலந்தால் வலு கூடுவதையும் வெயிலைத் தாங்குவதையும் டயர்க்காரர்கள் கண்டிருந்தார்கள். கதவு பீடிங்கை உள்ளே குழலாகச் செய்தார்கள். கதவைச் சாத்தும்போது அமுங்கும், திறந்ததும் உப்பும்; அமுங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறச் சிறு துளைகள் விட்டார்கள். கண்ணாடி பீடிங்குக்கு இரண்டு பக்கமும் பள்ளம்: ஒன்றில் கண்ணாடி, மற்றொன்றில் தகர விளிம்பு. எல்லாம் கச்சிதம். சில ஆண்டுகளில் வளைவுகளில் மட்டும் கத்தியால் கீறியதுபோல் வெடிப்புகள் வரத் தொடங்கின.

மாற்று ரப்பர் ஒன்று அதற்குள் தற்செயலாகவே பிறந்திருந்தது. அமெரிக்காவில் ஜூலியஸ் நியூலாண்ட் என்ற பாதிரியார் அசெட்டிலீன் வாயுவோடு விளையாடிக்கொண்டிருந்தார். அவருடைய பேச்சைக் கேட்ட டூபான்ட் கம்பெனிக்காரர்கள் அந்த வழியில் இறங்கினார்கள். 1930 ஏப்ரலில், பின்னாளில் நைலானால் புகழ்பெற்ற வாலஸ் கரோதர்ஸின் குழுவில் இருந்த ஆர்னால்டு காலின்ஸ், பிரித்தெடுத்த திரவம் ஒன்றை அப்படியே வைத்திருந்தார். திரும்பிப் பார்த்தபோது அது கெட்டியாகியிருந்தது. மேசையில் போட்டார், துள்ளியது. அதுதான் நியோபிரீன். எண்ணெயையும் வெயிலையும் இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாங்கியது, விலைதான் கூடுதல். 1937-ல் ஸ்டாண்டர்டு ஆயில் ஆய்வகத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் பியூட்டைல் ரப்பரைச் செய்தார்கள். கந்தகம் பிடிக்கும் அளவுக்கு மட்டும் கொக்கிகளை வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது அவர்கள் உத்தி. கொக்கி குறைந்தால் ஏன் வெடிப்பும் குறைகிறது என்ற கேள்விக்கு விடை அன்னாசிப் பழத்தை ஆராய்ந்தவர் ஒருவரிடமிருந்து வந்தது.

1940-களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் கவிந்தது. கூடவே இன்னொரு விசித்திரம்: அந்த ஊரில் ரப்பர் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடித்தது. கால்டெக் நிறுவனத்தில் அன்னாசியின் மணத்தைப் பகுத்துக்கொண்டிருந்த ஹாலந்துக்காரர் ஆரி ஹாகன்-ஸ்மிட்டிடம் புகையையும் பார்க்கச் சொன்னார்கள். கார்ப் புகையும் எரிபொருள் ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோன் வாயுவை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். ஓசோனை அளக்க அவர் கையாண்ட கருவிகளில் ஒன்று, வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டு. எவ்வளவு நேரத்தில் வெடிக்கிறது என்று பார்ப்பார். ஆக, காரின் பீடிங்கை அறுத்துக்கொண்டிருந்ததில் கார் கக்கிய புகைக்கே பங்கு இருந்தது. ஓசோன் வந்து கடிக்கும் இடம், கந்தகம் பிடித்த அதே இரட்டைப் பிணைப்பு. இழுபட்டு நிற்கும் இடத்தில் அறுந்த இழை விலகிக்கொள்ளும். அதனால்தான் வெடிப்பு வளைவில் வந்தது. கொக்கி இருந்தால் ஓசோன் கடிக்கும், இல்லாவிட்டால் கந்தகம் பிடிக்காது. இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர இன்னொரு விபத்து தேவைப்பட்டது.

அது 1953-ல் ஜெர்மனியின் முல்ஹெய்ம் நகரில் நடந்தது. கார்ல் சீக்லரின் ஆய்வகத்தில் எத்திலீன் வாயுவை நீண்ட சங்கிலியாக வளர்க்க முயன்றார்கள். ஒருமுறை சங்கிலி வளரவேயில்லை. இரண்டு துண்டு ஒட்டியதோடு நின்றுவிட்டது. வாரக்கணக்கில் துருவிப் பார்த்ததில், முந்தைய வேலையின் மிச்சமாக உலோகக் கலத்தில் நிக்கல் துளி ஒட்டியிருந்தது தெரிந்தது. துளி உலோகம் வளர்ச்சியை நிறுத்துமென்றால், வேறு உலோகம் வளர்க்கவும் கூடுமே? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். டைட்டானியத்தில் வாயு மளமளவென்று பிளாஸ்டிக்காகத் திரண்டது. மிலானில் ஜூலியோ நட்டா அதே வழியில் புரோப்பிலீனையும் வளர்த்தார். 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு. நட்டா எத்திலீனையும் புரோப்பிலீனையும் கலந்தபோது துள்ளும் ரப்பர் ஒன்று வந்தது. முதுகெலும்பில் கொக்கியே இல்லை, ஓசோனுக்குக் கடிக்க இடமில்லை. கந்தகத்துக்கும் பிடிக்க இடமில்லை.

1960-களின் தொடக்கத்தில் அதற்கும் வழி பிறந்தது. மூன்றாவதாக ஒரு சரக்கைக் கொஞ்சம் சேர்த்தார்கள். அதன் இரட்டைப் பிணைப்பு முதுகெலும்பில் இல்லாமல் பக்கவாட்டில் கிளையாகத் தொங்கியது. கந்தகம் கிளையைப் பிடித்துக்கொண்டது. ஓசோன் வந்து கிளையைக் கடித்தாலும் முதுகெலும்பு முறியவில்லை. ஈ.பி.டி.எம். என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க ஓடும் கார்களின் பீடிங்கில் பெரும்பகுதி அந்த ரப்பர்தான். மனிதன் செய்த பொருள்களில் இவ்வளவு அழகான தீர்வுகள் அதிகமில்லை என்பேன்: பலவீனத்தை ஒழிக்கவில்லை, இடம் மாற்றி வைத்தார்கள்.

நம் நாட்டில் 1950-களின் இறுதியில் உத்தர்பாராவில் அம்பாசிடர் உருளத் தொடங்கி 2014 வரை வந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவானது. இன்று அவற்றைத் தேடிப்பிடித்துப் பழைய அழகுக்குக் கொண்டுவருகிறவர்கள் பணத்தை இன்ஜினிலும் பெயிண்டிலும் கொட்டுகிறார்கள். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே இளையரசனேந்தல் மாதிரிக் கரிசல் ஊர்களில் அது போதாது. சித்திரை வெயிலில் பீடிங் காய்ந்து இறுகிக் கிடக்கும். வெடிப்பை எவரும் கவனிக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஐப்பசியில் தண்ணீர் உள்ளே இறங்கும். தரைவிரிப்புக்கு அடியில் தேங்கி, டிங்கர் வேலை பார்த்துப் பட்டி பூசிய தரைத்தகட்டை மறைவாக அரிக்கும். துரு மேலே தெரியும்போது தகடு பாதி போயிருக்கும்.

கடையில் பல காலம் தூங்கிய பழைய ஸ்டாக் பீடிங் புதிதுபோல மின்னினாலும் ஏற்கெனவே இறுகியிருக்கும். விரலால் அமுக்கினால் உடனே எழும்புகிற பீடிங்தான் வண்டிக்கு ஆகும். கண்ணாடியை ஏற்றுவதற்குக் கை தேர்ந்தவர்கள் வைத்திருக்கும் வித்தை ஒரு கயிறு. கண்ணாடியைச் சுற்றி பீடிங்கை மாட்டி, தகர விளிம்பு போய் உட்கார வேண்டிய பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வரவர பீடிங்கின் உதடு விளிம்பின் மேல் ஏறிப் படியும். பாடியில் ஓடும் நிக்கல் பட்டைகளின் கிளிப்புத் துளைகளையும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். இறுகிப்போகாத பியூட்டைல் பட்டியை வைத்தால் அது அடைபடும். ஸ்பார்க்ஸும் தாமஸும் 1937-ல் செய்த ரப்பர் இன்று இந்த வேலைக்கும் வருகிறது.

எல்லாம் முடிந்ததும் ஓஸ் பைப்பில் சோதனை. கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், உள்ளே ஒருவர் டார்ச்சோடு. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, ஒழுகலின் வாய் எங்கே என்று பிடிபடாது. பெடல் அருகே சொட்டுகிற தண்ணீர் கண்ணாடியின் மேல் மூலையில் நுழைந்து தகரத்தின் பின்னால் ஓடி வந்ததாக இருக்கும். கதவின் அடி விளிம்பிலும் தண்ணீர் சொட்டும். அங்கே சிறு துளைகள் உண்டு. அவற்றையும் ஒழுகல் என்று நினைத்து சீலன்ட் வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கை எந்த ரப்பராலும் முழுக்க அடைக்க முடியாது. அங்கே புகும் நீர் கதவுக்குள் இறங்கி அந்தத் துளைகள் வழியே வெளியேற வேண்டும் என்றுதான் கதவையே வடிவமைத்திருக்கிறார்கள். அடைத்த கதவு ஒரே மழைக்காலத்தில் உள்ளிருந்து அழுகத் தொடங்கும். துளைகளில் தண்ணீர் வடிந்தால் கதவு சரியாக இருக்கிறது.